எதிர்ப்பின் நடுவே விசுவாசமாக வாழ்தல்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் புதன்கிழமை மாலைகளில் நாங்கள் கூடி வேதாகமம் படிக்கிறோம். மெதடிஸ்த சபையார், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார், இன்னும் எந்தச் சபையிலும் சேராதவர்கள் என்று பலரும் வருகிறார்கள். மாதத்தில் ஒரு நாள் கல்முனைக்கும் இன்னொரு நாள் திருக்கோவிலுக்கும் போய் வருகிறேன். அங்கெல்லாம் வாய்திறந்து கேட்கப்பட்ட கேள்விகளும், கூட்டம் முடிந்த பின் மடித்த தாளில் கைக்குள் வைக்கப்பட்ட கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் குருப்பட்டம் பெற்றவன் அல்லன். உங்கள் போதகரோ பங்குத்தந்தையோ வேறுவிதமாகச் சொன்னால் அவரோடு இருந்து பேசிப் பாருங்கள்.

வேதாகமம் சொல்லும் ‘உலகம்’ யார்? எங்கள் இந்து, முஸ்லிம் அயலவர்களா?

அவர்கள் அல்லர். தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்று சொல்லும் அதே யோவான் சுவிசேஷம்தான் உலகம் உங்களைப் பகைக்கும் என்றும் சொல்கிறது. அன்புகூரப்பட்டதும் பகைப்பதும் ஒரே உலகம் என்றால், அந்தச் சொல் ஒரு சமயத்தாரையோ ஓர் ஊராரையோ குறிக்க முடியாது. கடவுளைத் தள்ளிவைத்துவிட்டுப் பணத்தாலும் மானத்தாலும் பயத்தாலும் தன்னை நடத்திக்கொள்ளும் ஒழுங்கைத்தான் அது குறிக்கிறது. அந்த ஒழுங்கு கோயில் வீதியில் இருப்பதைப் போலவே எங்கள் சபை நிர்வாகக் கூட்டத்திலும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் நூறு பேரில் ஏறத்தாழ ஒன்பது பேரே கிறிஸ்தவர்கள். எஞ்சிய தொண்ணூற்றொரு பேரையும் ‘உலகம்’ என்று ஒதுக்கிவிட்டால், நேசிக்கும்படி எங்களுக்குச் சொல்லப்பட்ட அயலான் என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

எதிர்ப்பு வருகிறது என்பதே நாங்கள் சரியான வழியில் போகிறோம் என்பதற்கு அடையாளம் அல்லவா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது, இதில்தான் நாங்கள் அதிகமாகத் தவறுகிறோம் என்பதும் என் எண்ணம். மத்தேயு 5:11ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். நிந்திக்கப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று அந்த வசனம் பொதுவாகச் சொல்லவில்லை. ‘என்னிமித்தம்’ என்று ஒரு சொல்லும் ‘பொய்யாய்’ என்று இன்னொரு சொல்லும் அதற்குள் இருக்கின்றன. எங்களைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையாக இருந்தால் அந்தப் பாக்கியத்தில் எங்களுக்குப் பங்கில்லை. பேதுரு இன்னும் கடுமையாகச் சொல்கிறார். கொலைபாதகனாகவும் திருடனாகவும் பாடுபடக் கூடாது என்று எழுதிய அதே வரியில் (1 பேதுரு 4:15) அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனையும் சேர்த்து வைக்கிறார்.

ஆகவே ஊரார் கோபித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவர்கள் சொல்வதில் உண்மை எவ்வளவு என்பதையே முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேலும் ஒலிபெருக்கியைப் போட்டு ஜெபித்தோமா? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பது 2007இல் உயர் நீதிமன்றம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக வகுத்த ஒழுங்கு. பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தகப்பன் அதற்காகச் சத்தம் போட்டால் அது உபத்திரவம் ஆகாது. பிறருடைய தெய்வங்களைப் பிரசங்க மேடையில் ஏளனம் செய்தோமா? 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து நாவலடியையும் கல்முனைக் கரையையும் வாரிக்கொண்டு போன பிறகு, தறப்பாளையும் அரிசியையும் கொடுத்த கையோடு ஜெபத்துக்கு வரும்படி பெயர் எழுதிக்கொண்டவர்களும் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற ஒரு தாயிடம் அப்படி நடந்துகொண்டதை ஊர் இன்னும் மறக்கவில்லை. அதை எங்களிடம் சொல்லிக் காட்டுகிறவர்கள் எங்களைத் துன்புறுத்துகிறவர்கள் அல்லர், உள்ளதைச் சொல்கிறவர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் சிலுவை சுமப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று மனச்சாட்சியோடு காண்கிறபோதுதான் அடுத்த கேள்விகளுக்குப் போக முடியும்.

எங்கள் குடும்பத்தில் நான் மட்டுமே கிறிஸ்தவள். செத்த வீட்டிலும் திவசத்திலும் நான் எப்படி நடந்துகொள்வது?

இதைக் கேட்டவர் அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பெண். தகப்பனின் முப்பத்தோராம் நாளுக்குப் போகவில்லை என்பதற்காகத் தமையன் அவருடன் இரண்டு வருடமாகப் பேசவில்லை. போகாமல் விட்டது பிழை என்றே நான் அவருக்குச் சொன்னேன். அங்கே நடக்கும் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் துக்கத்துக்குப் போகாமல் இருப்பதற்கு வேதாகமத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. அழுகிறவர்களோடு அழுங்கள் என்ற கட்டளை இருக்கிறது.

நான் கண்ட ஒரு நல்ல உதாரணத்தைச் சொல்கிறேன். ஆரையம்பதியில் ஒரு செத்த வீடு. மருமகன் கிறிஸ்தவன். முதல் நாள் இரவே போய்ப் பந்தலுக்குக் கம்பு நட்டான், கிணற்றில் தண்ணீர் அள்ளி அண்டாவை நிரப்பினான், விடியும் வரை தேநீர்த் தட்டோடு நடந்துகொண்டிருந்தான். கிரியை தொடங்கியதும் மாமியார் விபூதித் தட்டை நீட்டினார். அவன் செருப்பில்லாத காலோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, தணிந்த குரலில், “மாமி, இது மட்டும் என்னால ஏலாது. மத்த எல்லா வேலையும் நான் செய்யிறன்” என்றான். மாமியார் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் இரவு அவன் அள்ளி ஊற்றிய தண்ணீர்தான் அந்த நேரத்தில் அவனுக்காகப் பேசியது என்பது என் நம்பிக்கை.

படைத்த உணவைப் பற்றியும் கேட்கிறார்கள். கொரிந்து சபைக்கும் இதே சிக்கல் இருந்தது. பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் அதற்கு நீண்ட விடை எழுதியிருக்கிறார்: வழிபாட்டின் பந்தியில் உட்காராதே, அயலவர் வீட்டு விருந்தில் உன் முன் வைக்கப்படுவதை விசாரிக்காமல் சாப்பிடு, இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அப்படிச் சொன்னவரின் மனச்சாட்சியை எண்ணி விட்டுவிடு. பவுல் இங்கே உணவைக் காட்டிலும் எதிரில் இருக்கும் மனிதரைத்தான் அதிகம் எண்ணுகிறார் என்பதைக் கவனியுங்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த வீட்டுச் சிறுமி கொண்டுவரும் பொங்கலை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள், நத்தாருக்கு நாங்கள் கொடுக்கும் கேக்கை அந்தச் சிறுமியின் தாய் எப்படி வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கு வரி கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் ஊரோடு ஒட்டாதவர் என்கிறார்கள்.

கிழக்கிலங்கைக் கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டிருப்பதும், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஊடாக ஒவ்வொரு வீட்டிலும் பங்குப்பணம் சேர்க்கப்படுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. இங்கே குடி என்பது தாய்வழியாக வரும் உறவு, சமயம் மாறினாலும் அது மாறுவதில்லை. அதனால் கேட்பவர்கள் பகையாகக் கேட்கவில்லை, உங்களைத் தங்கள் ஆளாக எண்ணியே கேட்கிறார்கள். இதை விளங்கிக்கொண்டால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

என் ஆலோசனை, அவர்கள் பற்றுப் புத்தகத்தோடு உங்கள் படலைக்கு வருமுன் நீங்களே வண்ணக்கர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது. பூசைக்குரிய பங்கை என் விசுவாசத்தின் நிமித்தம் கொடுக்க இயலாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதே தொகையை, முடிந்தால் அதற்கு மேலாக, மயானத்துக்கோ பாடசாலைக்கோ பொதுக் கிணற்றுக்கோ ஊரின் பெயரால் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மயான வேலிக்குத் தூண்கள் போட்டுக் கொடுத்தது. இதுவும் சமரசம்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களிடமே, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா எழுதினார். நாங்கள் சிறைபோனவர்கள் அல்லர், இந்த மண்ணில் பிறந்தவர்கள்.

வேலைத்தலத்தில் பொய்க் கணக்குக்குக் கையெழுத்திடச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போகும்.

போகலாம். எனக்குப் போனது. கடற்கோளுக்குப் பிறகு வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் களஞ்சியப் புத்தகம் எழுதினேன். ஒரு வெள்ளிக்கிழமை 180 சீமெந்துப் பக்கற் இறங்கியது. அவற்றை லொறியின் பின்பக்கத்தில் நின்று நானே எண்ணினேன், கால்முட்டு வரை சாம்பல் நிறமாகியிருந்தது. பற்றுச்சீட்டில் 250 என்று இருந்தது. மேற்பார்வையாளர் புத்தகத்தை விரித்து, பேனையின் மூடியைக் கழற்றி, எழுத வேண்டிய வரியில் விரலை வைத்துக் காட்டினார். அந்த 70 பக்கற் யாருடைய வீட்டுச் சுவரில் குறையப் போகிறது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் அப்போது தகரக் கொட்டிலில் இருந்தார்கள். நான் 180 என்று எழுதினேன். மாத முடிவில் நின்றுகொள்ளச் சொன்னார்கள். ஏழு மாதம் வேலை இல்லை.

அந்த ஏழு மாதத்தில் என்னை அதிகம் நோகடித்தவர்கள் எங்கள் சபையாரே. ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறாயே என்று கேட்டார்கள். இன்னும் சிலர், தேவன் இதைவிட நல்ல வேலை வைத்திருக்கிறார் என்று உறுதி கூறினார்கள். பிறகு கிடைத்த வேலையில் சம்பளம் குறைவு. ஆகவே உண்மையாக இருந்தால் உயர்வு வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, வேதாகமமும் அப்படிக் கொடுக்கவில்லை. தீச்சூளையின் முன் நின்ற மூன்று வாலிபரும் எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள், அவர் தப்புவிக்காமற்போனாலும் உமது சிலையைப் பணிய மாட்டோம் என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. தானியேல் அரசனின் உணவை மறுத்தபோது சத்தம் போடவில்லை. பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாரும் என்று அதிகாரியிடம் வேண்டிக்கொண்டான், அந்த அதிகாரியின் தலைக்கு ஆபத்து வராத வழியையும் தேடினான். உங்கள் மேலதிகாரிக்கும் மேலே ஒருவர் இருப்பார், அவருக்கும் பயம் இருக்கும். தனியாகப் பேசுங்கள், வேறு வழி இருந்தால் காட்டுங்கள், அதன் பிறகும் கேட்டால் மறுத்துவிடுங்கள். சபைகளுக்கும் ஒரு வார்த்தை: இப்படி வேலை இழக்கிறவரின் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோகாமல் அவருடைய சாட்சியை மேடையில் ஏற்றாதீர்கள்.

சீதனம் வாங்காமல் மகனுக்குக் கலியாணம் செய்ய நினைக்கிறோம். சபைக்குள்ளேயே கேலி செய்கிறார்கள்.

இந்தப் பகுதியில் பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுப்பது பழைய வழக்கம். அது பெண்ணின் கையில் இருக்கும் வரை அவளுக்குக் காப்பாகவும் இருந்திருக்கிறது. தகப்பன் கடன்பட்டு, அக்காவின் நகையை அடகு வைத்து, கட்டி முடிக்காத வீட்டுக்கு ஓடு போடும்படி மாப்பிள்ளை வீட்டார் நெருக்குவது வேறு. அதைத் தேவாலயத்தில் மோதிரம் மாற்றியதால் கிறிஸ்தவம் ஆக்கிவிட முடியாது. இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாதிருங்கள் என்று ரோமர் 12:2 சொல்வது எங்களுக்கு வேறெங்கும் இவ்வளவு பொருந்துவதில்லை. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். பெண் வீட்டாரிடம் வாயால் சொன்னதோடு நிற்காமல், பெரியவர்கள் இருவரை வைத்துத் தெளிவாகப் பேசி வையுங்கள். பிறகு மாமியாரின் மனம் மாறாமல் இருக்க அது உதவும்.

வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கக் கூடாது என்று ஆட்கள் வந்து தடுக்கிறார்கள். சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவா?

குறைவு அல்ல. பிலிப்பியில் பவுலை அடித்துச் சிறையில் போட்டுவிட்டு இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் என்றார். செசரியாவில் ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ என்றார். குடியுரிமையை அவர் ஒளித்து வைக்கவில்லை.

இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே உறுப்புரை ஏனையோருக்கு 10ஆம், 14ஆம் உறுப்புரைகளின் உரிமைகளையும் காப்பதாகச் சொல்கிறது. விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் உள்ள சுதந்திரம் 10ஆம் உறுப்புரையில் இருக்கிறது, அதற்கு எந்த மட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை. வழிபடும், போதிக்கும் சுதந்திரம் 14இல் இருக்கிறது, அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். புதிய வழிபாட்டிடம் கட்டுவதற்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கட்டடங்களைப் பற்றியது. அதை வீட்டு ஜெபத்துக்கும் காட்டித் தடுக்கப் பார்ப்பதுண்டு. சட்டப்படி நடக்கும் வழிபாட்டுக் கூட்டத்தை வேண்டுமென்றே குழப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவின்படி குற்றம்.

ஆகவே திகதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள், வந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அரச அதிகாரி ஒருவர் உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம் என்பதால் காலம் கடத்த வேண்டாம். ஆனால் இவற்றைச் செய்யுமுன் கிராம உத்தியோகத்தரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் ஒரு தடவை போய்வாருங்கள். அங்கே தீர்ந்த பிணக்குகளை நான் கண்டிருக்கிறேன்.

2019க்குப் பிறகு மன்னிப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு மனம் வருவதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இங்கே இறந்தவர்கள் 31 பேர், அவர்களில் 14 பேர் சிறுவர்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். வாசலில் அந்நியனை மறித்து நிறுத்திய சபையார் ஒருவரும் அங்கேயே இறந்தார். அந்தத் தாய்மாரிடம் போய் மன்னித்துவிட்டீர்களா என்று கேட்கும் உரிமை எனக்கில்லை, உங்களுக்கும் இல்லை. மன்னிப்பை வெளியில் நிற்பவர் அவசரப்படுத்தக் கூடாது.

மன்னிப்பது நீதியைக் கைவிடுவதும் அல்ல. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும், அதிகாரிகள் சிலரும் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அந்த மனுக்களைத் தாக்கல் செய்தவர்கள் வெறுப்பினால் செய்யவில்லை. உண்மை வெளிவர வேண்டும் என்று கேட்பது கிறிஸ்தவக் கடமையே.

எங்கள் கையில் உள்ளது பழிவாங்காமல் இருப்பது. குண்டுத் தாக்குதலை நடத்திய கூட்டத்தின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பதால் காத்தான்குடி முழுவதையும் குற்றவாளி ஆக்கியவர்கள், 2017இல் அவனுடைய ஆட்கள் தாக்கியது அந்த ஊர்ச் சூபி முஸ்லிம்களையே என்பதை மறந்தார்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு அதே ஊரின் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதையும் மறந்தார்கள். தொழுகையில் பிள்ளையை இழப்பது என்னவென்று அந்தத் தாய்மாருக்கும் தெரியும். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு தாய் இரண்டு மாதம் கல்முனை பஸ்ஸில் ஏறவில்லை, அது காத்தான்குடி வழியாகப் போகும் என்பதற்காக. பிறகு ஏறிய நாளில், பேரீச்ச மரங்கள் நிற்கும் அந்த வீதியில் பஸ் நின்றபோது, அருகில் உட்கார்ந்த அபாயா அணிந்த பெண் தன் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுப் பையில் சில்லறை தேடினாளாம். “பிள்ளைய நான் இறுக்கிப் புடிச்சுக்கொண்டன்” என்று மட்டும் அவர் எங்களிடம் சொன்னார். ‘கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்’ என்ற வசனத்தை அன்று நாங்கள் அதற்கு மேல் விளக்கவில்லை.

அநீதியைக் கண்டும் சபை பேசாமல் இருப்பதே பாதுகாப்பு அல்லவா?

பாதுகாப்புத்தான், ஆனால் விசுவாசம் அல்ல. மட்டக்களப்புப் பிரசைகள் குழுவின் தலைவராக இருந்து காணாமற்போனவர்களுக்காகப் பேசிய அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6ஆம் திகதி தேவாலய வளாகத்திலேயே சுடப்பட்டார். லூசியானாவில் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்பித்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் உடன்வந்த இளைஞரோடு காணாமற்போனார். இவர்களுக்கு எதிராகச் சொல்லப்பட்டதில் எதுவும் உண்மை இல்லை. ‘பொய்யாய்’ என்ற சொல் யாருக்கு உரியது என்று கேட்கிறவர்களுக்கு நான் இவர்களைக் காட்டுகிறேன். எல்லோரும் இவர்களைப் போல ஆகிவிட முடியாது. ஆனால் காணி பறிபோன ஒரு விதவைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதேச செயலகத்துக்கு அவரோடு கூடவே போவதற்கு இரத்தசாட்சியாக வேண்டியதில்லை.

பாடசாலையில் வாணி விழாவுக்கு என் பிள்ளை போகலாமா?

பிள்ளை அங்கே நின்று மரியாதையாகப் பார்க்கலாம், வழிபட வேண்டியதில்லை. ஆசிரியரிடம் முன்கூட்டியே பெற்றோர் போய்ச் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் அந்தப் பொறுப்பைக் கொடுப்பது நியாயமில்லை.

முகநூலில் எங்கள் விசுவாசத்தை இழிவாக எழுதுகிறார்களே?

உண்மையாகக் கேள்வி கேட்பவருக்குப் பேதுரு சொன்னபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் விடை எழுதுங்கள். மற்றவர்களுக்கு எழுத வேண்டாம்.

பயத்தில் நான் கிறிஸ்தவள் இல்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கு இனி இடம் உண்டா?

இது மடித்த தாளில் வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. வாடகைக்கு அறை தேடிய இடத்தில் கேட்டிருக்கிறார்கள், இவர் இல்லை என்றிருக்கிறார்.

பேதுருவும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குத்தான் பயந்தார். அப்போது அவர் குளிர்காய்ந்துகொண்டிருந்தது கரிநெருப்பு என்று யோவான் 18:18 சொல்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் அதே பேதுருவுக்காகக் கடற்கரையில் காத்திருந்தபோது அங்கேயும் கரிநெருப்பே போடப்பட்டிருந்தது, அதன் மேல் மீன் இருந்தது (21:9). மறுதலித்த நெருப்பின் வாசனை மூக்கில் ஏறும் இடத்தில் அவரை உட்கார வைத்து, முதலில் சாப்பிடக் கொடுத்தார். அதன் பிறகே, நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்டார். ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

தங்கச்சி, இதை எழுதியவர் யார் என்று நான் தேடவில்லை. புதன்கிழமை வாருங்கள். கூட்டம் முடிந்ததும் இந்த வீட்டு அக்கா எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவார்; உங்களுக்கும் ஒரு கோப்பை வைத்திருப்போம். அந்த அறைக்காரரிடம் உண்மையைச் சொல்லப் போகும் நாளில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.